ரயில்காரன் பஸ் ஏறிய காலை

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நான் ரயில், என் மனைவி பஸ். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மாமியார் வீட்டுச் சண்டைகூட ஒருவழியாக ஓய்ந்துவிட்டது. இது மட்டும் ஓயவில்லை.

ஊருக்கு வெளியே வீடு பார்த்துக்கொண்டு போனவர்களின் தலையெழுத்து அது. விடிந்தால் நகரத்துக்கு ஓட வேண்டும், இருட்டினால் திரும்பி ஓடி வர வேண்டும். எங்கள் தெருவின் ஒரு முனையில் ஸ்டேஷன், மறு முனையில் பஸ் ஸ்டாப். வாசலை விட்டு இறங்கியதும் அவள் ஒரு பக்கம் திரும்புவாள், நான் இன்னொரு பக்கம்.

"ரயில்னா ஒரு மரியாதை இருக்கு. அதுக்குன்னு தனிப் பாதை. நடுவுல மாடு வராது, கட்சி ஊர்வலம் வராது" என்பேன்.

"ரயிலே வராது, அதை விட்டுட்டீங்களே" என்பாள் அவள். "அப்படியே வந்தாலும் உள்ள போக ஒரு மல்யுத்தம், வெளிய வர ஒரு மல்யுத்தம். என் பஸ் கம்பெனி வாசல்லயே இறக்கி விடும்."

"விடும் விடும். நீ ரிடையர் ஆகுறதுக்குள்ள கொண்டு போய் விட்டுடும்."

இப்படிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நான். இப்போதும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு நடந்ததைச் சொல்லப் போனால் எனக்கு இன்னும் உள்ளங்கை வேர்க்கிறது.

நான் நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். முன்னால் உட்கார்ந்து ஃபிரேம் காட்டிச் சிரிக்கிற ஆள் இல்லை. பின்னறையில் மெஷினில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற ஆள். என் மனைவி ஒரு மாத்திரைக் கம்பெனியில், மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் பிரிவில் இருக்கிறாள். உள்ளே போகும்போதே செல்போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். அந்தக் கம்பெனியின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் காப்பகம் இருக்கிறது. எங்கள் மகளுக்கு நாலு வயது. தினமும் அம்மாவோடு பஸ்ஸில் போய், அம்மாவோடு பஸ்ஸில் வருவாள்.

அவளுக்கு வீட்டில் டமாரம் என்று பேர். பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரி மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாளாம். என் மச்சான் வைத்த பேர், ஒட்டிக்கொண்டது. அவள் அழ ஆரம்பித்தால் எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

டமாரத்துக்கு நான் ஒரு வேலை கற்றுக்கொடுத்திருந்தேன். என் முதலாளிக்கு லீவு நாள் என்றாலே பொறுக்காது. "ஒரே ஒரு லென்ஸுய்யா, வந்து மாட்டிட்டுப் போயிடு" என்று போன் செய்வார். அதனால் போன் அடித்தால் டமாரம்தான் எடுப்பாள். "அப்பா குளிக்கிறாங்க, அப்புறம் பேசுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உடனே கட் பண்ணிவிட வேண்டும். அந்தப் பக்கம் பேசுவதைக் காதில் வாங்கவே கூடாது. பச்சைப் பொத்தான் எது, சிவப்புப் பொத்தான் எது என்று அவளுக்கு அத்துப்படி. "ஏன்யா, நீ மனுஷனா மீனா? எப்பப் பாரு தண்ணியிலயே கிடக்குற" என்று முதலாளி ஒருநாள் கேட்டார். வீட்டில் மூன்று பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அன்றைக்கு மாத்திரைக் கம்பெனிக்கு யாரோ பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று, விடியுமுன்னே வேன் அனுப்பி என் மனைவியைக் கூட்டிப் போய்விட்டார்கள். வேனில் பிள்ளைகளை ஏற்ற மாட்டார்களாம். டமாரத்தை நான்தான் காப்பகத்தில் கொண்டுபோய் விட வேண்டும்.

"ஏங்க, ரயில் மட்டும் வேண்டாம்" என்றாள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "அந்தக் கதவுகிட்ட பிள்ளையைத் தூக்கிட்டு நீங்க நிக்கறதை நினைச்சா எனக்கு வேலையே ஓடாது. பஸ்லயே போங்க. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். எனக்கென்ன, ஒருநாள் கூத்து என்று நினைத்துக்கொண்டேன்.

வானம் மூடிக்கொண்டிருந்தது. டமாரத்துக்கு மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிவிட்டேன். என் செல்போனை எடுத்து அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். அது ரயில் பழக்கம். ரயில் கூட்டத்தில் எவனாவது சட்டைப்பையில் போன் வைப்பானா? சாப்பாட்டுப் பைக்குள் போட்டு, பையை மேலே தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக நிற்போம். சட்டைப்பையில் என் ரயில் பாஸ் மட்டும் இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். இந்தக் கூட்டத்தில் இவள் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். குனிந்து அவள் காதில் சொன்னேன்.

"இங்க பாரு, பஸ்ல அழக் கூடாது. அழுதா கண்டக்டர் மாமா பாதி வழியில இறக்கி விட்டுடுவார்."

அவள் கண்ணை அகல விரித்தாள். "அம்மா கூட போனா இறக்க மாட்டாரே?"

"அது அம்மா கூட. இது அப்பா கூட."

அவள் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு தலையாட்டினாள். பார்த்தாயா, எவ்வளவு சுலபம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

பஸ் வந்தது. முன்பக்கக் கதவு வழியாக எப்படியோ ஏறிவிட்டோம். உள்ளே கால் வைக்க இடமில்லை. முன்சீட் ஒன்றில் நீல யூனிஃபார்ம் போட்ட ஒரு செக்யூரிட்டி அம்மா உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டிவிட்டார்.

"குடுங்க தம்பி, பிள்ளையை. நசுங்கிடப் போகுது. அந்தப் பையையும் குடுங்க."

டமாரம் அவர் மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கண்ணடித்தேன். அடுத்த ஸ்டாப்பில் ஒரு தள்ளு, அதற்கடுத்த ஸ்டாப்பில் இன்னொரு தள்ளு. கொஞ்சம் கொஞ்சமாக நான் பின்கதவுப் பக்கம் போய்விட்டேன். தலைகளுக்கு நடுவில் அவ்வப்போது மஞ்சள் தெரியும். அது தெரிகிற வரைக்கும் நான் கவலைப்படவில்லை.

மேம்பாலத்துக்கு முந்தைய ஸ்டாப். பின்னாலிருந்து நாலைந்து குரல், "இறங்கணும், வழி விடுங்க, வழி விடுங்க." நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். ரயிலில் என்ன செய்வோம்? கதவருகே நிற்கிறவன் பிளாட்பாரத்தில் இறங்கி நின்று, இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு, கடைசியில் ஏறிக்கொள்வான். அதுதான் மரியாதை. ரயில் நிற்கும். உள்ளே இருக்கிற ஆட்கள் கையைக் கொடுத்து இழுத்துக்கொள்வார்கள். தினம் தினம் செய்து பழகிய காலய்யா இது, மூளையைக் கேட்காமலேயே இறங்கிவிட்டது.

இறங்கினார்கள். அவர்கள் இறங்கி முடிப்பதற்குள் ஏறுகிற கூட்டம் ஒன்று என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தது. விசில் கேட்டது. கதவு உஸ்ஸென்று மூடிக்கொண்டது.

எனக்கு ஒரு நொடி எதுவும் உறைக்கவில்லை. அப்புறம்தான் டமாரம் உள்ளே இருப்பது உறைத்தது.

"ஏய்! நிறுத்து! நிறுத்துய்யா!" என்று கத்திக்கொண்டே பஸ்ஸின் பக்கத்தில் டமடமவென்று இரண்டு தட்டு தட்டினேன். இந்த உலகத்தில் பஸ்ஸை இரண்டு தட்டுத் தட்டினால் 'போகலாம், ரைட்' என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் புத்தி எங்கே மேயப் போனதோ! டிரைவர் 'சரி' என்று வேகமெடுத்தார். உள்ளே இருந்தவர்கள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸைத் தவறவிட்ட எவனோ ஒருத்தன் என்று பார்த்தார்கள். பின்புறத்தில் ஒரு பல்பொடி விளம்பரம். முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரிக்கிற ஒரு பெண். அந்தச் சிரிப்பு மேம்பாலத்தில் ஏறிச் சின்னதாகிக்கொண்டே போனது.

நான் ஓடினேன். மேம்பாலத்தின் உச்சியை எட்டியபோது மார் அடைத்தது. பிள்ளை. என் பிள்ளை. முன்பின் தெரியாத ஒரு பொம்பளை மடியில். அந்த அம்மா எங்கே இறங்குவார், இறங்கும்போது என்ன செய்வார், எதுவும் எனக்குத் தெரியாது. பேர் தெரியாது. அவர் முகம்கூட ஞாபகத்தில் இல்லை, நீல யூனிஃபார்ம்தான் இருந்தது. ஊரில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிற எல்லாருக்கும் அதே நீலம்தான்.

"சார், என்னாச்சு?" ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நிறுத்தினார். சொன்னேன். சொன்னேனா உளறினேனா தெரியாது. "ஏறுங்க சார், புடிச்சிடலாம்" என்றார்.

மேம்பாலத்துக்கு அப்பால் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பஸ் அந்தக் கூட்டத்தில் கலந்துவிட்டது. இந்தப் பக்கம் பாலத்துக்குக் கீழே ஸ்டேஷன். தண்டவாளத்தில் என்னுடைய வழக்கமான வண்டி வந்துகொண்டிருந்தது. பஸ் போய் நிற்கிற பெரிய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ரயில் போய் நிற்கும். ரயில்தான் முந்தும். வாழ்நாள் முழுக்க இதைத்தானே வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

"இல்லண்ணே, நான் ரயில்ல போறேன்" என்று பாலத்துப் படிக்கட்டில் இறங்கி ஓடினேன். அவர் பின்னால் ஏதோ கத்தினார், காதில் விழவில்லை.

எங்கள் பெட்டியில் ஜன்னல் இருந்தார். அவருக்கு அதுதான் பேர். எவ்வளவு கூட்டமானாலும் ஜன்னல் சீட்டைப் பிடித்துவிடுவார். கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கிறவர். என்னைப் பார்த்ததும், "என்னய்யா, ஸ்டேஷன்ல காணோமே, பஸ் கட்சிக்குத் தாவிட்டியோன்னு நினைச்சோம்?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல் மறுபேச்சுப் பேசாமல் தன் போனை எடுத்து நீட்டினார். மனைவியின் போன் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். பூட்டாமல் இருந்தாலும் அவள் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் நம்பர் ஒன்றுதான். அது டமாரத்தின் பைக்குள் இருக்கிறது.

அடித்தேன். மணி போனது. எடு தங்கம், எடு, எடு என்று வாய்விட்டே சொன்னேன்.

"ஹலோ."

அவள் குரல்! பின்னால் ஹாரன் சத்தம், யாரோ இருமுகிறார்கள். பஸ்ஸில்தான் இருக்கிறாள். என் உடம்பெல்லாம் புல்லரித்தது.

"பாப்பா! நான்தான்டா அப்பா..."

"அப்பா குளிக்கிறாங்க, அப்புறம் பேசுங்க."

கட் ஆகிவிட்டது.

ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. நான் எப்படிச் சொல்லிக் கொடுத்தேனோ அப்படியே, நான் பேசியதைக் காதில் வாங்காமலேயே கட் பண்ணிவிட்டாள். மறுபடி அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். போன் அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. அந்த நிதானத்தைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன். ஜன்னலின் போன் என்பதால் எறியவில்லை.

"யாரு ஆஃப் பண்ணாங்க?" என்றேன். "அவளுக்கு ஆஃப் பண்ணத் தெரியாதே! யாரு ஆஃப் பண்ணாங்க?"

"சார்ஜ் போயிருக்கும்யா" என்றார் ஜன்னல். அவர் குரலும் சரியாக இல்லை. போலீஸ் நம்பருக்கு அவரே அடித்தார். எந்த பஸ், வண்டி நம்பர் என்ன என்று கேட்டார்களாம். எனக்கு ரூட் தெரியும், வண்டி நம்பர் யாருக்குத் தெரியும்? பல்பொடி விளம்பரம் என்று சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் இருக்கிற ஆட்களுக்குச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. ரயில் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

நடுவழி. ஸ்டேஷனும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் புதர், மறுபக்கம் ரோடு. சிக்னல் விழவில்லை என்று யாரோ சொன்னார்கள். தினமும் நிற்கிற இடம்தான். தினமும் இங்கே நின்றால் ஜன்னல் ஜோக் அடிப்பார், நாங்கள் கைதட்டுவோம். அன்றைக்கு அவர் திரும்பத் திரும்ப என் நம்பரையே அடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் ஏறியிருக்கலாம். ஏறியிருக்க வேண்டும். ரயில் பெருமை பேசிப் பேசி பிள்ளையைத் தொலைத்தவன் என்று நாளைக்கு ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும், என் மனைவி முகத்தில் எப்படி முழிப்பேன்? சத்தியம் வாங்கிக்கொண்டு போனாளே. சத்தியத்தைக் காப்பாற்றினேன், பிள்ளையை விட்டுவிட்டேன்.

"அதோ, அதோ பஸ்ஸு" என்றார் ஜன்னல்.

பக்கத்து ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு பஸ். மழைக்காக எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கழற்றினால் எதுவும் தெரியாது, போட்டால் பனிமூட்டம். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுகிறவன், என் பிள்ளை போகிற பஸ்ஸைப் பார்க்கக் கண்ணில்லாமல் நின்றேன். சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பஸ் எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் அந்தப் பல்பொடிக்காரி, மழையில் நனைந்தபடி சிரித்துக்கொண்டே போனாள்.

நான் கதவுப் பக்கம் பாய்ந்தேன். ஜன்னல் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

"பைத்தியமாய்யா நீ? அந்தப் பக்கம் வண்டி வருது. குதிச்சா நீ செத்துப் போவ. அப்புறம் பிள்ளைய யாரு போய்க் கூட்டிட்டு வர்றது?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த தண்டவாளத்தில் ஒரு வண்டி தடதடவென்று போனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். அந்த ரோட்டில் டிராஃபிக் ஜாம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிய டிராஃபிக்கைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரு லாரி குறுக்கே நிற்கட்டும், கட்சி ஊர்வலம் வரட்டும், மாடு வந்து படுக்கட்டும்.

ரயில் ஒருவழியாக நகர்ந்தது.

நகர ஸ்டேஷனில் நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டேன். பின்னால் ஜன்னல், "நானும் வர்றேன், இரு" என்று கத்துவது கேட்டது, நான் நிற்கவில்லை. நடைமேம்பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, செல்போன் கவர் விற்கிற சந்து வழியாக ஓடினேன். குடை ஒன்று கன்னத்தில் கீறியது. ஒரு பள்ளத்தில் முழங்கால் வரை தண்ணீர். தலையிலிருந்து கால்வரை நனைந்து, பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தேன்.

எங்கள் ரூட் பஸ்கள் நிற்கிற மேடையில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஏறினேன். காலி. ஒரு ஈ காக்கா இல்லை. டிரைவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை. முன்சீட்டைப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். நசுங்கிய தண்ணீர் பாட்டில், ஈரமான செய்தித்தாள். பிள்ளை இல்லை. எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள், பிள்ளையும் போய்விட்டது.

"பாப்பா" என்றேன். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. அந்தக் காலி பஸ்ஸில் நான் பட்ட பயத்தை எதிரிகூடப் படக் கூடாது. உடம்பில் உயிர் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

அப்புறம்தான் அந்தப் பல்பொடிக்காரி ஞாபகத்துக்கு வந்தாள். இறங்கி, பின்னால் ஓடிப் பார்த்தேன். இந்த பஸ்ஸின் முதுகில் ஒரு ஃபேன் விளம்பரம் இருந்தது. இது அது இல்லை! இது முன்னால் வந்த பஸ். என் பஸ் இன்னும் வரவே இல்லை. நான் வேண்டிக்கொண்ட லாரி எங்கேயோ குறுக்கே நின்றிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு வாசலில் மழையில் நின்றேன். போலீஸ் என்று ஒருத்தரையும் காணோம். பஸ் வந்தது. நான் அதற்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். டிரைவர் பிரேக்கை மிதித்து, ஷட்டரைத் தூக்கித் தலையை நீட்டி, "சாவுறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்று அலறினார். இரண்டு கதவும் திறந்தன. இரண்டு பக்கமும் ஆட்கள் இறங்கினார்கள். நான் முன்கதவில் முட்டி மோதி ஏறினேன். முன்சீட்டில் காலேஜ் பையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் எழுந்துகொண்டிருந்தாள். நீல யூனிஃபார்ம் இல்லை. மஞ்சள் இல்லை.

"இங்க ஒரு பாப்பா... மஞ்சள் கோட்டு..."

அந்தப் பெண் விழித்தாள். "பின்னாடி குடுத்துட்டோமே. அவங்கம்மா பின்னாடி இருக்காங்கன்னு..."

"அவங்கம்மா பஸ்லயே இல்லம்மா!"

பின்கதவு வழியாகப் பார்த்தேன். ஒரு மீசைக்காரர் தோளில் மஞ்சள் மழைக்கோட்டு. குடையை விரித்துக்கொண்டு, வேகமாக, எங்கள் மேடையை விட்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

எப்படி இறங்கினேன், எப்படி ஓடினேன், தெரியாது. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். "குடுய்யா! என் பிள்ளையைக் குடு!"

"யோவ், கையை எடு! யாருய்யா நீ?" அவர் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். இறங்கியவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கண்டக்டர் ஓடி வந்தார்.

"நான் அப்பன்யா அவளுக்கு!"

"அப்பனா?" என்றார் மீசைக்காரர். "அப்பா எங்கன்னு கேட்டதுக்கு, குளிக்கிறாங்கன்னுல்ல சொல்லுச்சு பாப்பா. ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் அதையேதான் சொல்லுச்சு. அப்ப அப்பா வீட்ல இருக்காரு, அம்மாதான் வண்டியில நிக்கிறாங்கன்னு நினைச்சோம். கடைசில பாத்தா ஒருத்தரும் வந்து கேக்கல. பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸ்ல ஒப்படைக்கலாம்னு தூக்கிட்டுப் போறேன். திடுதிப்புனு வந்து நான்தான் அப்பன்னா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. செக்யூரிட்டி அம்மா இறங்கும்போது அந்த சீட்டில் உட்கார வந்தவரிடம் பிள்ளையைக் கொடுத்திருக்கிறார். அவர் இறங்கும்போது அடுத்தவரிடம். பஸ்ஸில் அப்படித்தான், சீட் கை மாறினால் மடியில் இருக்கிற பிள்ளையும் கை மாறும். ஒவ்வொருத்தரும் கேட்டிருக்கிறார்கள், அப்பா எங்கடா செல்லம் என்று. அப்பா குளிக்கிறாங்க. சரி, அம்மா கூட்டத்தில் நிற்கிறாள் போல. ஒரு மடி, இன்னொரு மடி, இன்னொரு மடி, கடைசியில் அம்மாவைத் தேடிப் பின்கதவுப் பக்கம். அத்தனை பேரும் நல்லவர்கள். அத்தனை பேரையும் என் பாடம் நிம்மதியாக உட்கார வைத்துவிட்டது.

டமாரம் மீசைக்காரர் தோளிலிருந்து மெதுவாகத் தலையைத் திருப்பினாள். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதையும், சட்டை உடம்போடு ஒட்டிக் கிடப்பதையும் மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"குளிச்சு முடிச்சிட்டீங்களாப்பா?" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். "அப்பன்தான்யா, குடுத்துடு" என்றார் கண்டக்டர். மீசைக்காரரும் சிரித்துக்கொண்டே அவளை என் கையில் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கும்போது அவள் உடம்பு கட்டை மாதிரி விறைத்திருந்தது. சாப்பாட்டுப் பையின் வாரை அவள் இன்னும் விடவில்லை. விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். வார் அழுந்தி அழுந்தி உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது.

ஜன்னல் மூச்சு வாங்க ஓடி வந்து, பிள்ளையைப் பார்த்ததும் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மீசைக்காரருக்கு நன்றி சொன்னேனா, கை கூப்பினேனா, நினைவில்லை. கூட்டம் கலைந்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு மேடை ஓரத்தில் கூரைக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். பைக்குள் என் போன் சார்ஜ் போய்க் கிடந்தது, ஜன்னல் சொன்னது சரிதான்.

அவள் என் காதருகே வாயை வைத்தாள். ரகசியம் சொல்கிற மாதிரி, மிக மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க காணாமப் போனப்ப எனக்கு அழுகை அழுகையா வந்துச்சுப்பா. ஆனா நான் அழவே இல்ல. அழுதா கண்டக்டர் மாமா இறக்கி விட்டுடுவாருல்ல?"

எதிர்வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் கூட்ட வேண்டிய தொண்டை அது. ஒருமுறை, ஒரே ஒருமுறை அது திறந்திருந்தால் அந்த பஸ் மேம்பாலத்திலேயே நின்றிருக்கும். உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, யார் யார் மடியிலோ மாறி மாறி உட்கார்ந்து, அந்தத் தூரம் முழுக்க அவள் அழாமல் வந்திருக்கிறாள்.

"யாரும் இறக்கி விட மாட்டாங்கடா. அப்பா சும்மா சொன்னேன், பொய் சொல்லிட்டேன். இனிமே அப்பா கண்ணுல படலைன்னா அழு. ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி அழு."

அவள் கண்டக்டர் நிற்கிற பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கீழுதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது.

"இப்ப அழலாமா?"

"அழுடா தங்கம்."

அழுதாள். பஸ் ஸ்டாண்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.